மேயருக்கு நான் கொடுத்த மனு

என் மனைவி ஐந்து ஆண்டுகள் எங்கள் ஊருக்கு மேயராக இருந்தாள். 'இருந்தார்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது, அடித்துவிட்டேன். மரியாதை போதவில்லை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம். அவளிடம் எனக்கு எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஊர்ப் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. காவிரித் தண்ணீர் குடிக்கிற ஊர், எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கால்மணி நேரத்தில் வயல் வந்துவிடும், அவ்வளவு போதும்.

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் என்னைத்தான் பார்க்க வந்தார்கள். நான் அப்போது வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. விதை நெல்லும் உரமும் என்று மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியவன் என்பதால் எல்லோருக்கும் என்னைத் தெரியும். "வீட்டம்மாவ நிறுத்திடுங்க சார். பேருக்குத்தான் அவங்க. மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கப் போறீங்க" என்றார்கள். நான் சரி என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பியும் வைத்துவிட்டேன்.

அவள் அந்த நேரத்தில் மாடியில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த மாடியில் தட்டச்சுச் சத்தம் ஓயவில்லை. எங்கள் வார்டில் பாதிப் பெண்கள் அவளிடம் லோயரோ ஹையரோ படித்தவர்கள். அவர்களில் பலர் அரசு அலுவலகங்களில் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் அவள் இறங்கி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னைக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"இப்பக் கேக்கறேனே."

விசிறியைப் போட்டு அதன் கீழே உட்கார்ந்தாள். "சரி, நிக்கறேன். ஆனா மத்ததையும் நானே பாத்துக்கறேன்" என்றாள்.

ஜெயித்தாள். கவுன்சிலர்கள் கூடி அவளை மேயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அவளைத் தேர்ந்தெடுத்தவர்களில் சிலர், படித்தவள், அதிகம் பேசாதவள், சொன்னதைக் கேட்பாள் என்று நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று பின்னால் எனக்குத் தெரியவந்தது. பாவம் அவர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. பதவியேற்ற மறுவாரமே பிரஸ்ஸில் சொல்லி நூறு விசிட்டிங் கார்டு அடித்து வாங்கிவிட்டேன். என் பெயர், அதற்குக் கீழே 'மேயரின் கணவர்', அதற்குக் கீழே என் கைபேசி எண். தங்க நிற எழுத்து. அவள் அட்டைப் பெட்டியைத் திறந்து ஒரு கார்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்பக்கம் வெற்றாக இருந்தது. "மளிகை லிஸ்ட் எழுத நல்லா இருக்கும்" என்று சொல்லி அந்தப் பெட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். துவரம்பருப்பும் பெருங்காயமும் என் பெயருக்குப் பின்னால் எழுதப்பட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

"ஆபீசுக்கு நீங்க வரவே வேணாம்னு சொல்லல. எல்லாரையும் போல மனு எழுதி எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். அன்று நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன். அவள் கெஞ்சவில்லை, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று மணிக்கு நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

அவள் மேயராக இட்ட முதல் உத்தரவு என்ன தெரியுமா? பஸ் நிலையத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள். திறப்பு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆய்வுக்குப் போன இடத்தில் அதிகாரிகள் வெளியே மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் உள்ளே போய்க் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு வந்திருக்கிறாள். "எட்டுக் கதவு. ஒண்ணுலயும் தாழ்ப்பாள் இல்ல. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டே உக்காரணும். இத்தனை வருஷமா மன்னார்குடி பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைங்க அப்படித்தான் உக்காந்திருக்காங்க" என்று பொறியாளரிடம் சொன்னாளாம். மறுநாளே தாழ்ப்பாள் வந்துவிட்டது. ஊரில் பலபேர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் சாக்கடைகளைத் தூர்வாருகிறேன் என்று எல்லா மேயர்களும் சொல்வார்கள். இவள் தூர்வாரிய மண்ணை அன்றைக்கே லாரியில் ஏற்ற வைத்தாள். கரையில் குவித்து வைத்தால் முதல் மழைக்கே திரும்ப உள்ளே போய்விடும் என்பது வயலில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரியாதா? அவளுடைய அப்பாவும் அம்மாவும் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள். வாய்க்கால் வெட்டப் போன அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள் அவள்.

இங்கே எங்கள் இருவருக்கும் உள்ள பழைய வழக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பாபநாசம் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது எங்கள் வயல். அவள் ஊர் கடைமடை, பாசன வாய்க்கால் போய் முடிகிற இடம். அணை திறந்த செய்தி வந்து, நாங்கள் நாற்று விட்டு, அது பச்சை கட்டிய பிறகுதான் அவர்கள் ஊர் வாய்க்காலில் ஈரமே தெரியும். சில வருடங்களில் அதுவும் தெரியாது. "உங்க ஊருல வாய்க்கா நெறைய தண்ணி ஓடினாலும் மடையை அடைக்க மாட்டீங்க. எங்க ஊருல விதைச்சவன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான்" என்பாள். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் இந்த வழக்குத் தீரவில்லை. மேயரானதும் அதைத் தீர்த்து வைக்கும் அதிகாரம் அவள் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே குடிநீர் மேல்நிலைத் தொட்டி. தொட்டியைத் திறந்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சித் தரைத்தொட்டியை நிரப்பிக்கொள்வோம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், குழாய் முடியும் இடத்தில் ஒரு தெரு இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது தண்ணீர் நூலாக ஒழுகும். அவள் வரிசையைத் திருப்பிப் போட்டாள். காலை ஐந்து மணிக்கு எங்கள் தெரு வால்வை அடைத்து வைத்துவிட்டுக் கடைசித் தெருவுக்குத் திறக்க வேண்டும். அங்கே குடங்கள் நிறைந்த பிறகு, ஆறரை மணிக்குத்தான் எங்களுக்கு. "கடைமடைக்குப் போனப்புறம்தான் தலைமடைக்கு" என்று மன்றக் கூட்டத்திலேயே சொன்னாள். எங்கள் தெருக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னவோ அவர்கள் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்ட மாதிரி.

வால்வைத் திறந்து மூடுவது ஒரு ஃபிட்டரின் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். நீள இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் தெருத் தெருவாகப் போவார். பத்து வருடத்துக்கு மேலாக ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வருடம்தான் வேலை நிரந்தரமாகும் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்திருந்தது. அவர் குடியிருந்ததும் அந்தக் கடைசித் தெருவில்தான். புது வரிசை வந்தபிறகு தெருப்பெண்கள் அவருக்குத் தினம் ஒரு வீட்டிலிருந்து டீ கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இனிமேல் எழுதப் போவது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை.

தைக் கடைசியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் முதல் நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சமையல்காரர் நாலு மணிக்கே வர்றாரு சார். நாளைக்கு ஒருநாள் மட்டும் நம்ம தெருவுக்கு முதல்ல விடச் சொல்லுங்க. அம்மாகிட்டப் போயிக் கேக்க பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்காதா?" நடக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒருவர் என்னிடம் வந்து கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவர் எதிரிலேயே ஃபிட்டருக்குப் போன் போட்டேன்.

"அம்மா சொன்னாங்களா சார்?" என்று கேட்டார்.

"நான் சொன்னா அம்மா சொன்ன மாதிரிதான்" என்றேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் தண்ணீர் பாய்ந்தது. புதுமனைக்கு மட்டுமா? அத்தனை வீட்டு மோட்டாரும் ஓடின. அன்று பார்த்து, கொள்ளிடம் ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் மின்தடை, தொட்டி மறுபடி நிறையவில்லை. கடைசித் தெருவுக்கு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அங்கே ஒரு வீட்டில் விடிவதற்கு முன் ஒரு சாவு. உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் ஐந்து வீட்டில் சேர்த்து எடுத்தார்களாம். எட்டு மணிக்குப் பெண்கள் காலிக் குடங்களோடு மன்னார்குடி சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் புதுமனையில் இலை போட்டுக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

ஃபிட்டரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். "தவறுதலா வால்வை மாத்தித் திறந்துட்டேங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாராம். யாரோ பணம் கொடுத்துச் செய்யவைத்தார்கள் என்று எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் கூச்சல் போட்டார்கள். ஒருவர் மட்டும் மேயர் வீட்டிலிருந்து போன் போனதாகச் சொன்னாராம்.

அவள் பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது.

"என்னங்க, ஃபிட்டருக்கு நீங்க ஏதாவது போன் பண்ணினீங்களா?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா?"

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் என்னை இன்னொரு முறை கேட்கவில்லை. "அதானே" என்று சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். சாயங்காலம் ஃபிட்டரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நிரந்தரப் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது அவள்.

நாலைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். சொன்னால் பதவிக்கு ஆபத்து, அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று மத்தியானம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பொய்யை மூடி வைக்கத் தியாகம் என்ற துணி எவ்வளவு வசதியாக இருக்கிறது!

அந்த வாரக் கடைசியில் எங்கள் தாளடி நெல்லை விற்கப் பாபநாசம் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். களத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்த ஃபிட்டர். தலையில் துண்டு, முதுகெல்லாம் நெல் தூசி. எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. அவர்தான் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"சார், அம்மாவுக்கு ஒண்ணும் பிரச்சினை வரலயே?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லப்பா."

"நான் வாயைத் தொறக்க மாட்டேன் சார். அம்மா இருந்தாத்தான் எங்க தெருவுக்குத் தண்ணி."

சொல்லிவிட்டு என் மூட்டையைத்தான் அடுத்ததாகத் தூக்கினார். நான் அந்தக் களத்திலேயே அழுதேன். பக்கத்திலிருந்த விவசாயி, ஈரப்பதம் அதிகம் என்று என் நெல்லைத் திருப்பிவிட்டார்களோ என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை, மாநகராட்சியில் மக்கள் மனு கொடுக்கும் நாள். வீட்டிலேயே சொல்லியிருக்கலாம்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதே உண்மை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். இன்ன நாள், இன்ன நேரம், ஃபிட்டருக்குப் போன் செய்து எங்கள் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடச் சொன்னது நான்; மேயர் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னதும் நான்; ஃபிட்டர் மீது தவறு இல்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் சொத்து வரியில் பெயர் மாற்றம் கேட்டு ஒருவர், தெருவிளக்கு கேட்டு இரண்டு பேர். டவாலி என்னைப் பார்த்துப் பதறி உள்ளே அழைத்துப் போக வந்தார். வேண்டாம் என்றேன்.

என் முறை வந்தது. மனுவை நீட்டினேன். "சொல்லுங்க" என்று பழக்கத்தில் சொல்லி நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு மூலையில் என்னவோ எழுதி, பக்கத்திலிருந்த பெண் ஊழியரிடம் கொடுத்தாள். "பதிவு பண்ணி ரசீது குடுங்கம்மா" என்றாள். என்னிடம், "ரசீது வாங்கிக்கிட்டுப் போங்க. அடுத்தவங்க வரணும்" என்றாள். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மன்றக் கூட்டம். பார்வையாளர் பகுதியில் போய் உட்கார்ந்தேன். அவள் வரச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. கூட்டம் தொடங்கியதும் அவள் எழுந்து நின்று என் மனுவை முழுக்க வாசித்தாள், ஒரு வார்த்தை விடாமல்.

"இதுல என் வீட்டுக்காரர் தப்பு ஒண்ணு இருக்கு. அது இந்தத் தாளுல இருக்கு. என் தப்பு இதுல எழுதலை, நான் சொல்றேன்" என்றாள். "சரியா விசாரிக்காம, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டதை வெச்சுக்கிட்டு ஒரு தொழிலாளியை நான் நிறுத்திட்டேன். என் மேல நீங்க என்ன தீர்மானம் கொண்டு வரணுமோ கொண்டு வாங்க."

ராஜினாமா செய் என்று சிலர் கத்தினார்கள். அவள் உட்காராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தீர்மானம் என்று எதுவும் வரவில்லை. எப்படி வரும்? எத்தனையோ வருடமாக அந்த மன்றத்தில் யாரும் தன் தப்பை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை, எதிர்த்து என்ன பேசுவதென்று அவர்களுக்கும் பழக்கமில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். "வாங்க, போகலாம்" என்றாள். ரசீது வாங்கச் சொன்னதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ரயில்வே கேட்டைத் தாண்டிக் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். ஃபிட்டர் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் இரண்டு பிளாஸ்டிக் குடம். அவர் அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

என் மனைவி உத்தரவை அவரிடம் கொடுத்தாள். மறுநாளிலிருந்து வேலை, பட்டியலில் பழையபடி பெயர். "என்னை மன்னிச்சுக்குங்க" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அன்னிக்கே நான் சார் பேரைச் சொல்லியிருந்தா, நீங்க நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருப்பேன் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு சொல். சொன்னால் அவருக்கும் சந்தோஷம், கூட்டத்துக்கும் திருப்தி, நாங்களும் கிளம்பிவிடலாம். பதவியில் இருக்கிற யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன்.

அவள் யோசித்தாள்.

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். "இவர் சொன்னதைத்தான் நம்பியிருப்பேன். நீங்க பொய் சொல்றீங்கன்னும் சேத்துச் சொல்லி அனுப்பியிருப்பேன்."

ஃபிட்டரின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து வாசலில் விரித்தார். "உக்காருங்கம்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.